சமையற்காரன் பிடித்த காவலரணும் நான் பாராத இரு சுருள்களும்

அண்மையில் நம் துறையினர் கூடிய அவையொன்றில் என்னை அறிமுகப்படுத்திய இளைஞர், என்னைப் பற்றி ஒரு செய்தி சொன்னார். உலகப் போர் நடந்த காலத்தில், பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு கூடாரக் கொட்டகையில் நான் உரைத்த தமிழைக் கேட்டு ஊரே கண்ணீர் வடித்ததாம். மனம் உருகிய வட்டாட்சியர் அந்த இடத்திலேயே கொட்டகைக்கு உரிமம் வழங்கினாராம். அவையோர் கைதட்டினர். நானும் எழுந்து கும்பிட்டுவிட்டேன். அந்தக் கும்பிடு இன்றளவும் என்னை உறுத்துகிறது.

அன்று ஒருவரும் அழவில்லை. எல்லாரும் சிரித்தனர், சிரிக்கக் கூடாது என்று ஆணை இருந்தும் சிரித்தனர். உரிமம் கிடைத்தது உண்மை. ஆனால் அது என் தமிழால் கிடைத்ததன்று. என் தமிழ் நின்றுபோனதனால் கிடைத்தது. அன்று அங்கிருந்தோருள் இன்று எஞ்சியிருப்பவன் நானாகவே இருக்கக்கூடும். நானும் கும்பிட்டு ஒப்புக்கொண்டால் பொய் வரலாறாகிவிடும். ஆதலின் மொழிமாற்றுப் படங்களுக்கு உரையாடல் எழுதவும் குரல் கொடுக்கவும் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக, நடந்ததை நடந்தவாறே எழுதுகிறேன்.

நீங்கள் இன்று இருட்டறையில், காதொலிப்பான் மாட்டி, ஒரே வரியை இருபது முறை சொல்லிப் பார்த்துச் செய்யும் பணியை, நாங்கள் அன்று மக்கள் முன்னிலையில் ஒரே முறையில் செய்தோம். அயல்மொழிப் படம் ஓடும்போது அதன் ஒலியைத் தாழ்த்திவிடுவர். திரையின் ஓரத்தில் நின்று, தகரக் கூம்பை வாயில் வைத்து, கதையைத் தமிழில் உரைப்பவன் விளக்கவுரையாளன். தமிழிலக்கணம் முறையாகப் பயின்று, பள்ளியில் பணி கிடைக்காமல், வயிற்றுக்காக அவ்வேலையை ஏற்றவன் நான். எனக்கு ஒரு வழக்கம் இருந்தது. திரைக்கு முதுகு காட்டி, மக்களை நோக்கி நின்றே பேசுவேன். குரல் தெளிவாகச் செல்லும் என்பது நான் சொல்லிக்கொண்ட காரணம். என் முகம் எல்லார்க்கும் தெரிய வேண்டும் என்பது சொல்லாத காரணம்.

கொட்டகையில் என்னை மதியாதவர் ஒருவரே இருந்தார். அவரிடந்தான் நான் தொழில் கற்றேன். படக்கருவியை இயக்கிய முதியவர் அவர். எல்லாரும் அவரை ஆப்பரேட்டர் என்று அழைத்தனர். நான் மட்டும் 'கருவியாளரே' என்பேன். அவர் ஒருநாளும் திரும்பியதில்லை.

அந்த ஆண்டு மாரியம்மன் திருவிழாவிற்கு ஒரு வாரம் இருந்தது. திருவிழா நாள்களை நம்பித்தான் கொட்டகையின் பதினொரு பேரும் ஆண்டு முழுதும் உயிர் வாழ்ந்தோம். அவ்வேளையில் உரிமம் முடிவுற்றது. புதுப்பிக்கச் சென்ற எங்கள் முதலாளி முகம் வெளிறித் திரும்பினார்.

“புலவரய்யா, தாசில்தார் ஒரே வார்த்தையில சொல்லிட்டாருங்க. காதல் படம், சாமி படம்னு போட்டுட்டு இருக்கிறீங்களே, யுத்தம் நடக்கிறது தெரியலையா, ஒரு பட்டாளத்துப் படம் போடு, நானே முன்னால உக்காந்து பாக்கறேன், அதைப் பாத்துட்டு ஊர்ப் பசங்க பட்டாளத்துக்குக் கெளம்பணும், இல்லாட்டி கொட்டாயப் பிரிச்சுக்கிட்டுப் போயிருன்னு.”

அவசரமாகத் தேடியதில் ஒரே ஒரு போர்ப்படந்தான் அகப்பட்டது. எங்கெங்கோ சுற்றித் தேய்ந்த பழம்படம். பெட்டியின் மேல் ஒட்டியிருந்த பெயர்த்தாள் கிழிந்து போயிருந்தது. கதைச்சுருக்கமும் இல்லை. உள்ளே மடித்து வைத்த சுவரொட்டி ஒன்று மட்டும் இருந்தது. அதில் உயர்ந்த குதிரைமேல் உருவிய வாளுடன் ஓர் அதிகாரி. பின்னால் புகை. அவர் மீசையைக் கண்டதும் எனக்குள் பரணி பாடும் எழுச்சி பொங்கியது.

ஆப்பரேட்டர் பெட்டியை மோந்து பார்த்தார். “ஒரு தடவ ஓட்டிப் பாத்துரலாமுங்க.”

முதலாளி பதறினார். “கார்பன் குச்சி கெடைக்கறதே இல்ல. இருக்கறது ரெண்டு ஜோடி. ஓட்டிப் பாத்துத் தீத்துட்டா அன்னைக்கு விளக்கு யாரு காட்டறது? ஒம் பல்லா?”

நான் நடுவர் போலக் கையமர்த்தினேன். “வீரம் எந்நாட்டிலும் ஒன்றே. சுவரொட்டி போதும். எழுதிவிடுகிறேன்.”

“படத்தப் பாக்காமயா?”

“பாரியைக் கண்டவனா அவனைப் பற்றி எழுதுகிறான்?”

ஆப்பரேட்டர் புகையிலையைத் துப்பிவிட்டு, “பாரி திரையில வரமாட்டாரு புலவரே. இந்த மீசைக்காரரு வருவாரு” என்றார். அந்த விடையின் அறிவை நான் அப்போது உணரவில்லை. இரண்டு நாளில் நாற்பது பக்கம் எழுதினேன். எதுகை தப்பாத உரைநடை.

குறித்த நாள் பிற்பகலே கூட்டம் சேரத் தொடங்கியது. பொழுது சாயும் முன் கொட்டகை வாயிலில் ஒருவர் என்னை மறித்தார். ஐம்பது வயதிருக்கும். தோளில் கம்பளி, கையில் கோல், முழங்கால் வரை செம்புழுதி. சித்தேரி மலையிலிருந்து விடியற்காலை புறப்பட்டு நடந்தே வந்திருந்தார். மலைமேல் சாமையும் கேழ்வரகும் விளைவிப்பவர். பெயர் தீர்த்தகிரி என்றார்.

“சாமி, தமுக்கடிச்சாங்களே பட்டாளத்துப் படம்னு, அது இங்கதானுங்களா?”

“இங்குதான்.”

“எம் மவன் மாதையன் பட்டாளத்துல இருக்கிறானுங்க. ஏழு மாசமா காயிதம் இல்ல.”

“அஞ்சற்க. உம் மகன் வாளேந்தி நிற்கிறானோ, துப்பாக்கி ஏந்தி நிற்கிறானோ?”

அவர் தலையைச் சொறிந்தார். “கரண்டி ஏந்தி நிக்கிறானுங்க. சமையக்காரன். ஊருல கேலி பண்றாங்க சாமி. பட்டாளத்துக்குப் போயி பருப்புக் கடையறானேன்னு. அதான், படத்துல சமையக்காரன் யாராச்சும் வருவானுங்களான்னு பாக்க வந்தனுங்க.”

நான் என் நாற்பது பக்கங்களை மனத்தில் புரட்டினேன். “ஐயா, இது வீரர் காதை. இதில் அடுக்களைக்கு இடமில்லை.”

“அப்படிங்களா” என்றார். ஆனாலும் போகவில்லை. இவ்வளவு தொலைவு வந்தாயிற்றே என்று முன்வரிசை மணலில் அமர்ந்துகொண்டார். இளம் தோழர்களே, படத்தைப் பாராமலே அதில் என்ன இல்லை என்று ஒருவரிடம் சொல்லத் துணிந்தேன். நான் செய்த பிழைகளுள் இதுவே பெரும்பிழை.

வட்டாட்சியர் வந்தார். தலைப்பாகை, நீண்ட அங்கி. கொட்டகையின் ஒரே நாற்காலி அவருக்கு. வெளியே மின்சார எஞ்சின் புகைந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. விளக்கு அணைந்தது. நான் கூம்பை உயர்த்தினேன்.

“காண்மின்! கதிரவனே கால்கொண்டு நடந்தாற்போல் வருகின்றான் படைத்தலைவன்! அவன் ஏறிய புரவி காற்றினும் கடிது! கடலினும் பெரிது அவன் சினம்!”

மக்கள் சிரித்தனர்.

முதலில் என் வேட்டியைப் பார்த்துக்கொண்டேன். அது சரியாகத்தான் இருந்தது. குரலை உயர்த்தினேன். “இதோ, பகைவர் அரணை நோக்கிப் பாய்கின்றான்!” சிரிப்பு பெருகியது. ஒருவர் மணலில் கையடித்துச் சிரித்தார். அப்போது திரையில், குதிரை நடுத்தெருவில் உட்கார்ந்துவிட, படைத்தலைவர் அதன் வாற்பக்கம் நோக்கித் திரும்பி அமர்ந்து அதட்டிக்கொண்டிருந்தாராம். நான் 'பாய்கின்றான்' என்ற நொடியில் குதிரைகள் நீர் குடிக்கும் தொட்டிக்குள் அவர் விழுந்தாராம். இவையெல்லாம் பிறர் பின்னர் சொல்லக் கேட்டவை. நான் திரும்பவில்லை. எழுதியது கையில் இருக்கும்போது எதற்குத் திரும்ப வேண்டும்?

எங்களிடம் ஒரே கருவி. ஆகவே ஒவ்வொரு சுருள் முடிந்ததும் விளக்கெரியும். முதற்சுருள் முடிந்து விளக்கெரிந்தபோது வட்டாட்சியர் எழுந்து நின்றிருந்தார்.

“யோவ், என்ன படம்யா இது? ஆள் சேக்கச் சொன்னா ராணுவத்தை நக்கல் பண்றீங்களா? அடுத்த ரீல்லயும் ஜனங்க சிரிச்சா லைசன்ஸ் கிடையாது. நாளைக் காலையில கொட்டாய் இங்க இருக்கக் கூடாது.” பிறகு கூட்டத்தை நோக்கினார். “எவனும் சிரிக்கக் கூடாது! யுத்தம் சிரிக்கிற விஷயமில்லை!”

முதலாளி என்னிடம் ஓடி வந்து கையைப் பற்றிக்கொண்டார். “புலவரய்யா, பதினோரு குடும்பமுங்க. எப்படியாச்சும் சிரிக்காம பண்ணுங்க.”

நகைச்சுவைப் படத்திற்கு மக்கள் சிரிக்காதபடி உரை சொல்லும் பொறுப்பு, தமிழுலகில் எனக்கு முன் எவருக்கும் வாய்த்திராது. நான் ஒரு முடிவு செய்தேன். வீரம் சிரிப்பை மூட்டினால் அவலம் அதை அடக்கும். நாற்பது பக்கத்தின் இறுதியில், வீழ்ந்த மறவர்க்காக எழுதி வைத்திருந்த இரங்கற்பகுதியை முன்னால் எடுத்துக்கொண்டேன்.

இரண்டாம் சுருள் தொடங்கியது. குரலைத் தழுதழுக்கவைத்தேன். “அந்தோ! வானில் பறந்த வெண்கொடியே! குண்டுகள் உன்னைத் துளைத்தனவே! உன்னைப் போற்றி வளர்த்த அன்னை அறிவாளோ!”

கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டது. ஆணையிருந்ததால் சிரிப்பை விழுங்க முயன்றனர். விழுங்கிய சிரிப்பு மூக்கு வழியே வந்தது. நடுவிலிருந்து ஒருவர் தாளமாட்டாமல் கத்தினார்.

“சாமி, அது கொடி இல்லீங்க! காயப் போட்ட கால்சட்டைங்க!”

அவ்வளவுதான். அணை உடைந்தது. நான் விடவில்லை. “துளைகள் ஏழு! ஏழும் வீரத் தழும்புகள்!” என்றேன். பெண்கள் பக்கத்தில் ஓர் அம்மையார், “அய்யோ போதுமுங்க, வவுறு வலிக்குதுங்க” என்று கெஞ்சியது இன்னும் என் காதில் உள்ளது. படம் தந்த சிரிப்பு பாதி, என் தமிழ் தந்த சிரிப்பு பாதி என்று இப்போது கணிக்கிறேன்.

விளக்கெரிந்தது. வட்டாட்சியர் அங்கியின் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார். முதலாளி தலையில் கைவைத்து மணலில் உட்கார்ந்துவிட்டார். அப்போது கருவியறையின் சிறு சாளரத்திலிருந்து ஆப்பரேட்டரின் குரல் கேட்டது.

“புலவரே! முதுகுலயா கண்ணு வெச்சிருக்குது? திரும்பிப் பாருங்க!”

நான் மூத்தோர் பலரிடம் பாடம் கேட்டவன். இதைவிடச் சிறிய பாடம் எவரும் சொன்னதில்லை. இதைவிடப் பெரிய பாடமும் எவரும் சொன்னதில்லை. ஆயினும் உடனே பணிந்தேன் என்று எழுதினால் அதுவும் பொய். மூன்றாம் சுருள் தொடங்கியபோதும் நான் மக்களையே நோக்கி நின்றேன். வேறுபாடு ஒன்றுதான், என்ன சொல்வதென்று தெரியாமல் வாய் மூடியிருந்தேன். என்னைத் திருப்பியவர் தீர்த்தகிரி.

எல்லாரும் வாய் பொத்திக் குலுங்கிக்கொண்டிருக்க, முன்வரிசையில் அவர் ஒருவர் முகத்தில் மட்டும் சிரிப்பில்லை. கண்கள் விரிந்து, உடல் முன்னே சாய்ந்து, கோலை இறுகப் பற்றியிருந்தார். திடீரென எழுந்து நின்றார்.

“டேய்! குனிடா! குனிடா மாதையா!”

“உக்காருய்யா! அது உம் மவன் இல்ல, வெள்ளக்காரன்!” என்றார் பின்னாலிருந்தவர்.

“எவனா இருந்தா என்னய்யா? சோத்தத் தூக்கிக்கிட்டுப் போறான், சுத்தியும் குண்டு வுழுவுது, குனியாமப் போறானே!” பிறகு என்னை நோக்கிக் கைகூப்பினார். “சாமி, நீங்க கிட்டத்துல நிக்கிறீங்க. சொல்லுங்க சாமி, குனியச் சொல்லுங்க!”

நான் திரும்பினேன்.

திரையில் ஒரு தடித்த சமையற்காரன். தலையில் கவிழ்த்த பாத்திரம், இடுப்பில் கரண்டி. கோவேறு கழுதை ஒன்றின் முதுகில் பெரிய கரிய கொப்பரையைக் கட்டி, வெட்டவெளியில் ஓட்டிச் செல்கிறான். இருபுறமும் மண் சிதறுகிறது. அவனோ தன்னை மறைத்துக்கொள்ளாமல், கொப்பரைக்குள் புழுதி விழாதிருக்க அதன் வாயைத் தன் மேலங்கியால் மூடுகிறான். அது சிரிப்பதற்காக எடுத்த காட்சிதான். ஆனால் மகனிடமிருந்து ஏழு மாதம் கடிதம் வராத ஒருவர் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

நாற்பது பக்கங்களைக் கீழே வைத்தேன். கூம்பை எடுத்தேன். மக்களுக்கு முதுகு காட்டி, திரையை நோக்கி, என் வாழ்நாளில் முதன்முறையாகப் படத்திற்கு உரை சொன்னேன்.

“குனிடா!”

அவன் குனிந்தான். மேலே ஒரு குண்டு பறந்து அப்பால் விழுந்தது. படத்தில் அவன் எப்படியும் குனிந்திருப்பான். கழுதை கயிற்றை இழுத்ததால் குனிந்தான். ஆனால் கொட்டகையில் எழுந்த பெருமூச்சைக் கேட்டிருக்க வேண்டும் நீங்கள். தீர்த்தகிரி கோலை மணலில் ஊன்றி, “சொன்னாக் கேக்கறான் பாருங்க, நல்ல பையன்” என்று உட்கார்ந்தார்.

அதன்பின் பார்த்ததை மட்டும் சொன்னேன். “எல்லையிலே நிற்கிறவங்க பசியோட காத்திருக்காங்க. சோறு போகுது.” அவ்வளவே. கொட்டகை அடங்கியது. சமையற்காரன் வழி தப்பிப் பகைவர் காவலரணுக்கே போய்ச் சேர்ந்தான். கழுதை முதுகில் கரிய கொப்பரையின் வாயைக் கண்ட பகைவர், புதுவகைப் பீரங்கியென்று அஞ்சி இரு கைகளையும் உயர்த்தினர். அவனோ பசித்துக் கையேந்துகிறார்கள் என்று எண்ணி, வரிசையில் நிற்கவைத்து, ஒவ்வொருவருக்கும் பரிமாறத் தொடங்கினான். நான் வாய் திறக்கவில்லை. “மொதப் பந்தி உக்காருங்க!” என்று கூட்டத்திலிருந்து ஒருவர் உரை சொன்னார். அது என் உரையைவிட நன்றாயிருந்தது. கொட்டகை சிரித்த சிரிப்பில் கூடாரத் துணியே ஆடியது.

அந்நேரத்தில் சட்டென்று படம் நின்று விளக்கெரிந்தது. சுருள் முடியவில்லை. ஆப்பரேட்டர் சாளரத்தில் தலை நீட்டி, “பிலிம் அறுந்துபோச்சுங்க!” என்றார். எல்லாரும் திரும்பினர். திரும்பிய கண்கள் அனைத்தும் ஒரே இடத்தில் நின்றன.

நாற்காலியில் வட்டாட்சியர். தலைப்பாகை மடியில். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வாய் திறந்தபடி, வெற்றிலைச் சாறு அங்கியில் வழிய, ஒலியின்றிக் குலுங்கிக்கொண்டிருந்தார். விளக்கெரிந்ததை அவர் உணரவே சிறிது நேரமாயிற்று.

தீர்த்தகிரி மகிழ்ந்து, “அய்யாவும் சிரிக்கிறாருங்க!” என்று எல்லார்க்கும் அறிவித்தார்.

வட்டாட்சியர் வாயை மூடினார். தலைப்பாகையை வைத்தார். “புகை” என்றார். “எஞ்சின் புகை. கண்ணுல.” வட்டாட்சியர் குறிப்பேட்டைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், இறுதியில் சாளரத்தை நோக்கிக் கத்தினார்.

“என்னய்யா வேடிக்கை பாக்கற? சீக்கிரம் ஒட்டிப் போடு! அந்தச் சமையக்காரன் கடைசியில என்ன ஆனான்?”

படச்சுருள் வியக்கத்தக்க விரைவில் ஒட்டப்பட்டது. அது அறுந்ததே இல்லை என்று ஆப்பரேட்டர் எவரிடமும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. நெருக்கடியில் எப்போது பேசுவது என்று அறிந்தவர் சிலர். எப்போது விளக்கேற்றுவது என்று அறிந்தவர் அவர் ஒருவரே.

சமையற்காரன் என்ன ஆனான் என்று உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். பகைவர் உண்டு முடித்து அவன் பின்னால் கைதிகளாக நடந்து வந்தனர். மீசைப் படைத்தலைவர் பாய்ந்து வந்து வெற்றி தமதென்றார். கழுதை அவரை உதைத்தது. படம் முடிந்தது.

உரிமம் மறுநாள் காலை கையெழுத்தானது. ஆள் சேர்ப்பும் பொய்க்கவில்லை. மூன்று இளைஞர் வட்டாட்சியரிடம் சென்று பட்டாளத்தில் சேர ஒப்புக்கொண்டனர். மூவரும் சமையல் வேலை என்றால் மட்டுமே வருவோம் என்று கூறியதைக் கேட்டு அவர் என்ன சொன்னார் என்பதை அச்சில் எழுத இயலாது.

அன்று ஆட்டம் முடிந்ததும் தீர்த்தகிரி என்னிடம் வந்தார். வீரர் காதையில் அடுக்களைக்கு இடமில்லை என்ற என் சொல்லை நான் திரும்பப் பெற வாயெடுத்தேன். அவர் இடமே தரவில்லை.

“சாமி, நாளைக்கும் இதே படந்தானுங்களே? மலையில இருக்கறவங்க அத்தன பேரையும் கூட்டியாறனுங்க. பருப்புக் கடையறான்னு சொன்னானுங்களே, வந்து பாக்கட்டும்.” சற்றுத் தயங்கினார். “நீங்க ஒண்ணு பண்ணுங்க சாமி. அந்த 'குனிடா' மட்டும் சொல்லுங்க. மத்ததெல்லாம் எங்களுக்கே தெரியுதுங்க.”

மறுநாள் அவ்வாறே சொன்னேன். மொழிமாற்றுத் துறையில் நான் எழுதியவை பல்லாயிரம் வரிகள். அவற்றுள் படத்தில் இருப்பவனுக்கும் பார்ப்பவனுக்கும் ஒருசேரத் தேவைப்பட்ட வரி அது ஒன்றே. எழுதும் முன் திரும்பிப் பாருங்கள் என்பதன்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் வேறில்லை.

படத்தின் பெயரை நான் இன்றுவரை அறியேன். பிற்காலத்தில் எவ்வளவு தேடியும் அகப்படவில்லை. உங்களுள் எவரேனும் எங்கேனும் அதைக் காண நேர்ந்தால் பெயரை எனக்குத் தெரிவியுங்கள். கழுதையா கோவேறு கழுதையா என்பதிலும் ஐயம் உண்டு. கால்சட்டையில் துளைகள் ஏழு என்று நான் உரைத்தது என் கற்பனை. எண்ணிப் பார்த்தவர் உண்மைத் தொகையைக் கூறித் திருத்துக. முதல் இரண்டு சுருள்களைப் பற்றி இங்கு எழுதியவற்றில் பிழை இருப்பின் தயங்காமல் சுட்டுக. அப்போது திரைக்கு மிக அருகில் நின்றவன் நானே ஆயினும், அவற்றைப் பாராதவன் அக்கொட்டகையில் நான் ஒருவனே.